இரண்டும் இரண்டும் ஐந்து என்று எழுதிய பிறகும்

கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு கதை எழுத ஆரம்பித்திருக்கிறீர்கள். அதில் வரும் அரசு குடிமக்கள் எல்லோருக்கும் மாதம் ஓர் ஊசி போட்டு உணர்ச்சிகளை மழுங்கடிக்கிறது. படித்துப் பார்த்த நண்பர், காதல் இல்லாததால் கதை வறட்சியாக இருக்கிறது என்கிறார். உங்களுக்கோ, கதை சுதந்திரத்தைப் பற்றியது, அதில் காதலுக்கு என்ன வேலை, வாசகரைப் பிடித்து வைக்கச் சேர்க்கும் மசாலாதானே என்று படுகிறது. அதனால் "டிஸ்டோபியா நாவல்களில், அதாவது கொடுங்கோல் உலகத்தைக் கற்பனை செய்யும் நாவல்களில், உணர்ச்சிக்கு ஏன் இவ்வளவு இடம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவனுடைய சுதந்திரம் பறிபோவதைக் காட்ட, அவன் யாரை நேசித்தான் என்பதையும் காட்டியே ஆகவேண்டுமா என்பதுதான் இதற்குள் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

காட்டியே ஆகவேண்டும் என்பது என் எண்ணம். அது ஆண் பெண் காதலாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் யாரோ ஒருவர் மேல், அந்த ஒருவர் மேல் மட்டும், ஒட்டுதல் இருந்தாக வேண்டும். இருபத்து மூன்று வருடமாகக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். ஆர்வெல்லின் '1984' நாவலை மட்டும் பதினைந்து முறையாவது வகுப்பில் முழுதாகப் படித்திருப்போம். அந்தப் பழக்கத்தில்தான் பேசுகிறேன். எனக்கு ரஷ்ய மொழி தெரியாது என்பதால் ரஷ்ய எழுத்தாளர் ஸமியாட்டினைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்பை நம்பிச் சொல்வது. இளையோருக்காக இப்போது வரும் டிஸ்டோபியா தொடர்களையும் நான் அதிகம் படித்ததில்லை.

'1984'இலிருந்தே தொடங்குகிறேன். எல்லோரையும் எந்நேரமும் கண்காணிக்கும் ஒரு கட்சி ஆளும் நாட்டில், அந்தக் கட்சியை உள்ளுக்குள் வெறுக்கும் வின்ஸ்டன் ஸ்மித் என்பவனின் கதை அது. அதில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வரி உண்டு. இரண்டும் இரண்டும் நான்கு என்று சொல்ல முடிவதுதான் சுதந்திரம், அது கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானே வரும் என்று வின்ஸ்டன் ஸ்மித் தன் நாட்குறிப்பில் எழுதுகிறான். மேடைகளில் மேற்கோளாக வருவது இந்த வரிதான். இதை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. சுதந்திரம் என்பது அறிவு சம்பந்தப்பட்ட விஷயம், உண்மையைச் சொல்லும் உரிமை, அவ்வளவுதான் என்று ஆகிவிடும்.

ஆனால் நாவலின் மூன்றாம் பாகத்தில் எது எதற்கு அப்புறம் நடக்கிறது என்று கவனியுங்கள். கட்சியிடம் பிடிபட்ட வின்ஸ்டனுக்கு, அன்பு அமைச்சகம் என்று கட்சி பெயர் வைத்திருக்கும் இடத்தின் சிறையில் மாதக்கணக்கில் சித்திரவதை. அப்புறம் அடி நிற்கிறது, சாப்பாடு கிடைக்கிறது, உடம்பு கொஞ்சம் தேறுகிறது. ஒரு சிலேட்டும் பென்சில் துண்டும் தருகிறார்கள். அந்தச் சிலேட்டில் வின்ஸ்டன், யாரும் கட்டாயப்படுத்தாமல், தன் கையாலேயே "இரண்டும் இரண்டும் ஐந்து" என்று எழுதுகிறான். கதை சுதந்திரத்தைப் பற்றி மட்டும் என்றால் அது அங்கே முடிந்திருக்க வேண்டும். நாட்குறிப்பில் அவன் கொடுத்த இலக்கணப்படி சுதந்திரம் அந்தச் சிலேட்டிலேயே செத்துவிட்டது. அப்படியும் ஆர்வெல் கதையை நிறுத்தவில்லை. ஒருநாள் அரை மயக்கத்தில் வின்ஸ்டன் தன்னையறியாமல் காதலியின் பெயரைச் சொல்லி, "ஜூலியா!" என்று கத்திவிடுகிறான். பூட்ஸ் சத்தம் நெருங்கி வருகிறது. அவனை விசாரிக்கும் கட்சி அதிகாரி ஓபிரயன் உள்ளே வந்து, உன் அறிவில் இப்போது பெரிதாகக் குறை ஒன்றும் இல்லை, உணர்ச்சியில்தான் நீ இன்னும் தேறவில்லை என்கிற பொருளில் பேசுகிறான். அதற்குப் பிறகுதான் 101ஆம் எண் அறை, அவன் எல்லாவற்றையும்விடப் பயப்படும் எலிகளை அடைத்த கூண்டு, "என்னை விட்டுவிடுங்கள், ஜூலியாவுக்குச் செய்யுங்கள்" என்ற அலறல்.

கட்சிக்கு அவனுடைய ஒப்புதல் மட்டும் போதவில்லை. கணக்கை மாற்றிச் சொல்ல வைத்தாகிவிட்டது, வரலாற்றை மறக்க வைத்தாகிவிட்டது. அப்படியும் தூக்கத்தில் அவன் வாயில் வந்த பெயர் கட்சியுடையது இல்லை. அந்தப் பெயர் அவனுக்குள் இருக்கும்வரை அவன் முழுதாகக் கட்சிக்குச் சொந்தமில்லை. வகுப்பில் இந்தப் பக்கங்களுக்கு வரும்போது நான் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டு வெறுமே வாசிப்பேன். மூன்று நான்கு வருடங்களுக்கு முன்னால், கடைசி பெஞ்சில் உட்காரும், அதிகம் பேசாத ஒரு மாணவி கேட்டாள்: "சார், அப்போ கணக்கு அவனுக்கு ரெண்டாவதுதானா?" அன்றிலிருந்து இந்த நாவலை அந்தக் கேள்வியை வைத்தே நடத்துகிறேன்.

அதே நாவலில் இன்னொரு இடம், இதைவிடச் சின்னது. நாட்குறிப்பின் முதல் பதிவில், சினிமாக் கொட்டகையில் பார்த்த செய்திப்படத்தைப் பற்றி வின்ஸ்டன் எழுதுகிறான். அகதிகள் நிறைந்த படகைக் குண்டு போட்டு அழிக்கிறார்கள். படகில் ஒரு பெண், மடியில் மூன்று வயதிருக்கும் பையன். அவன் பயந்து அலற, அவள் கைகளால் அவனை மூடிக்கொள்கிறாள். கை என்ன, குண்டைத் தடுக்குமா? படம் பார்க்கும் கூட்டம் கைதட்டுகிறது. நூறு பக்கம் தாண்டி, வின்ஸ்டனுக்கு மறந்துபோன ஒரு பிள்ளைப்பருவ நாள் கனவில் திரும்பி வருகிறது. ரேஷனில் கிடைத்த ஒரு துண்டு சாக்லேட். முழுவதும் எனக்கே வேண்டும் என்று அழுது அடம்பிடிக்கிறான். அம்மா முக்கால் பங்கை அவனுக்கும் கால் பங்கை நோஞ்சானாக இருக்கும் தங்கைக்கும் தருகிறாள். அவன் தங்கையின் துண்டையும் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். வாசலில் திரும்பிப் பார்த்தால், அம்மா தங்கையை ஒரு கையால் அணைத்து மார்போடு சேர்த்துப் பிடித்திருக்கிறாள். அவன் வீடு திரும்பும்போது இருவரும் இல்லை. அதன் பிறகு அவர்களை அவன் பார்க்கவே இல்லை.

இரண்டு இடத்திலும் ஒரே கை, ஒரே அணைப்பு. இரண்டும் எதையும் மாற்றவில்லை. குண்டு நிற்கவில்லை, சாக்லேட் திரும்பி வரவில்லை. அம்மாவுக்கு அது பெரிய விஷயமாகப் பட்டிருக்காது, கொடுக்க வேறொன்றும் இல்லாதபோது அன்பையாவது கொடுப்பாள் என்று வின்ஸ்டன் யோசிக்கிறான். பலன் தராத ஒரு செயலுக்கு மதிப்பு உண்டு என்பதைக் கட்சியால் தாங்கிக்கொள்ள முடியாது, ஏனென்றால் கட்சி எல்லாவற்றையும் பலனை வைத்தே எடைபோடுகிறது. எனக்குத் தெரிந்தவரை நாவலின் மையம் இந்தக் கைதான். கட்சித் தலைவர் பெரியண்ணனின் சுவரொட்டியையும் வீட்டுக்குள்ளேயே வேவு பார்க்கும் டெலிஸ்கிரீனையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம், இந்தக் கையை மறந்துவிடுகிறோம்.

சரி, இதிலிருந்து சர்வாதிகார அரசு என்றாலே உணர்ச்சிக்கு எதிரி என்ற முடிவுக்குப் போய்விடக் கூடாது. உங்கள் ஊசியில் நான் பார்க்கும் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. '1984' நடக்கும் ஓஷியானியா நாட்டில் உணர்ச்சி குறைவா? தினமும் இரண்டு நிமிட வெறுப்பு என்றொரு நிகழ்ச்சியே நடக்கிறது. திரையில் எதிரியின் முகம் வந்ததும் எல்லோரும் கத்துகிறார்கள், எதையாவது எடுத்து எறிகிறார்கள். உள்ளூர ஒப்பாத வின்ஸ்டனும் முப்பது வினாடிக்குள் அந்த வெறியில் கலந்துவிடுகிறான். வெறுப்பு வாரத்தில் பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரி நாடு மாறிவிடுகிறது, கூட்டம் அதே வேகத்தில் புது எதிரியை வெறுக்கிறது. உணர்ச்சி அங்கே கரைபுரண்டு ஓடுகிறது. ஆனால் அதற்கென்று ஒரு முகவரி கிடையாது. யார் மேல் வேண்டுமானாலும் திருப்பிவிடலாம். கட்சிக்கு ஆகாதது முகவரி உள்ள உணர்ச்சி: இந்த அம்மா, இந்த ஜூலியா, வேறு யாரும் அந்த இடத்துக்கு வர முடியாத ஒருவர்.

இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு மற்ற நாவல்களுக்குப் போனால் பல விஷயங்கள் விளங்கும். ஹக்ஸ்லி 1932இல் எழுதிய 'பிரேவ் நியூ வேர்ல்ட்' உலகத்தில் யாரையும் அடிப்பதில்லை. எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம் என்ற வாசகத்தைத் தூக்கத்திலேயே குழந்தைகளின் காதில் ஓதிவிடுகிறார்கள். லெனினா என்ற பெண் ஒரே ஆளோடு நான்கு மாதம் பழகிவிட்டாள் என்பதற்காக அவளுடைய தோழி கடிந்துகொள்கிறாள். 'அம்மா' என்பது அங்கே கெட்ட வார்த்தை. மனம் கொஞ்சம் வாடினால் சோமா மாத்திரை. அந்த நாவலில் என்னால் மறக்க முடியாத இடம், இந்தப் பழக்கங்களுக்கு வெளியே, பழங்குடிகள் வாழும் ஒதுக்கிடத்தில் வளர்ந்த ஜானின் தாய் லிண்டா சாகும் மருத்துவமனைக் கூடம். சாவைப் பார்த்துக் கலங்காமல் இருக்கப் பழக்குவதற்காகக் குழந்தைகளைக் கூட்டமாக அங்கே அழைத்து வருகிறார்கள். சாகக் கிடப்பவர்களின் கட்டிலைச் சுற்றி அவர்கள் விளையாடுகிறார்கள். ஜான் தாயின் கட்டிலருகே மண்டியிட்டு விம்மி அழுகிறான். நர்ஸுக்குப் பதற்றம். லிண்டா செத்தது அவளுக்குப் பெரிதில்லை. ஒருவன் சாவுக்காக அழுவதைக் குழந்தைகள் பார்த்துவிட்டால் இத்தனை நாள் கொடுத்த பயிற்சி வீணாகிவிடுமே என்ற கவலை. உடனே எல்லோருக்கும் சாக்லேட் கேக் கொடுத்துக் கவனத்தைத் திருப்புகிறாள். ஒரு நாவலில் சாக்லேட் பிடுங்கப்படுகிறது, இன்னொன்றில் தாராளமாகக் கொடுக்கப்படுகிறது. இரண்டிலும் பக்கத்தில் ஒரு தாய் இருக்கிறாள்.

இவற்றுக்கெல்லாம் முன்னோடி யெவ்கேனி ஸமியாட்டினின் 'நாங்கள்'. 1920, 21 வாக்கில் எழுதியது. முதலில் அச்சானது 1924இல் நியூயார்க்கில், ஆங்கில மொழிபெயர்ப்பாக. சோவியத் நாட்டுக்குள் அது வெளியாக 1988 வரை ஆயிற்று. ஸமியாட்டின் கப்பல் கட்டும் பொறியாளர். ஜாரின் ஆட்சியிலும் சிறை கண்டவர், போல்ஷெவிக் ஆட்சியிலும் சிறை கண்டவர். 1931இல் ஸ்டாலினுக்கே கடிதம் எழுதி நாட்டைவிட்டுப் போக அனுமதி வாங்கி, 1937இல் பாரிஸில் இறந்தார். நாவலில் மனிதர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். வீடுகளுக்குக் கண்ணாடிச் சுவர். உடலுறவுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு வாங்கவேண்டும், அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் திரையை இறக்கலாம். டி-503 என்ற கணிதவியலாளன் ஐ-330 என்ற பெண்ணிடம் மனதைப் பறிகொடுத்து, தூக்கம் கெட்டு, டாக்டரிடம் போகிறான். உனக்கு ஆன்மா உண்டாகியிருக்கிறது, இதற்கு மருந்து கிடையாது என்கிறார் டாக்டர். பின்னால் அரசு மருந்து கண்டுபிடித்துவிடுகிறது: கற்பனையை மூளையிலிருந்து எடுத்துவிடும் அறுவைச் சிகிச்சை. அது முடிந்ததும், ஐ-330ஐ மூச்சுமுட்ட வைத்து வதைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான் டி-503. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாரோ ஒரு பெண் என்று குறிப்பெழுதுகிறான்.

உங்கள் ஊசியும் இந்த அறுவைச் சிகிச்சையும் ஒரே குடும்பம். ஸமியாட்டின் அதைக் கதையின் முடிவில் வைத்தார். நீங்கள் தொடக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் உங்கள் நண்பருக்கு வறட்சியாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். என்ன இழந்தான் என்று தெரியாதவனின் இழப்பு வாசகருக்கு எட்டாது. 'நாங்கள்' நாவலில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நாயகியைவிட ஓ-90 என்ற இன்னொரு பெண். உயரம் பத்து சென்டிமீட்டர் குறைவு என்பதால் அவளுக்குத் தாயாகும் உரிமை இல்லை. மரண தண்டனை என்று தெரிந்தே பிள்ளை உண்டாகிறாள். கடைசியில் நகரத்தைச் சுற்றியுள்ள பச்சைச் சுவரைத் தாண்டி வெளியே போய்ச் சேர்வது அவள். கொள்கை பேசாத, புரட்சி எதுவும் செய்யாத ஒருத்தி.

இங்கே நிச்சயமானதையும் விவாதத்தில் உள்ளதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஸமியாட்டினின் நாவலை ஆர்வெல் படித்து, 1946 ஜனவரியில் 'ட்ரிப்யூன்' இதழில் அதற்கு மதிப்புரை எழுதினார், '1984' வெளியானது 1949 ஜூனில். இவை உறுதியானவை. எவ்வளவு எடுத்துக்கொண்டார் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஹக்ஸ்லியும் ஸமியாட்டினிடமிருந்து எடுத்திருப்பார் என்று ஆர்வெல் சந்தேகப்பட்டார், ஹக்ஸ்லி மறுத்தார். அதேபோல, '1984' முழுத் தோல்வியில் முடிகிறதா என்பதும் தீராத விவாதம். நாவலுக்குப் பின்னால் கட்சி உருவாக்கிய நியூஸ்பீக் மொழியைப் பற்றி ஒரு பின்னிணைப்பு இருக்கிறது, அது முழுக்க இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் கட்சியின் ஆட்சி என்றோ முடிந்துபோய், பின்னால் யாரோ எழுதுகிறார்கள் என்று சிலர் வாசிக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் சாய ஆசைப்படுகிறவன். ஆனால் அது என் ஆசை, நிரூபணம் இல்லை.

இதெல்லாம் கற்பனை, நிஜத்தில் எந்த அரசு தாய் பிள்ளை பாசத்தில் கைவைத்தது என்று கேட்கலாம். '1984'இல் வின்ஸ்டனின் பக்கத்து வீட்டுக்காரர் பார்சன்ஸைக் காட்டிக்கொடுப்பது அவருடைய ஏழு வயது மகள். அவர் சிறையில் உட்கார்ந்துகொண்டு மகளைப் பற்றிப் பெருமைப்படுகிறார். இதற்குப் பின்னால் நிஜ வரலாறு உண்டு. 1932இல் யூரல் பகுதியில் கெராசிமோவ்கா என்ற கிராமத்தில் பாவ்லிக் மொரோசோவ் என்ற சிறுவன் கொல்லப்பட்டான். தந்தையை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்த வீரச் சிறுவன் என்று சோவியத் அரசு அவனைக் கொண்டாடியது. சிலை, பாட்டு, பாடப்புத்தகம் எல்லாம் வந்தன. அந்தப் பையன் உண்மையில் என்ன செய்தான், யார் கொன்றார்கள் என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு இருக்கிறது. அரசு அந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக வைத்தது என்பதில் வேறுபாடு கிடையாது. மார்கரெட் அட்வுட் 1985இல் வெளியான 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலுக்கு ஒரு விதி வைத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார்: மனிதர்கள் எங்கேயோ, எப்போதோ ஏற்கெனவே செய்யாத எதையும் அதில் சேர்ப்பதில்லை. அந்த நாவலைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொண்டே படியுங்கள்.

தமிழிலும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எண்பதுகளில் விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஜீவாவின் சர்வாதிகாரம், குழந்தை பெற்றுக்கொள்ள அரசு அனுமதி, எங்கும் கணினி என்று எல்லாம் இருந்தும், கதை நகர்வது நிலா என்ற பெண் காணாமல்போன தன் கணவன் சிபியைத் தேடுவதால்தான். அப்புறம் ஜீனோ. இயந்திர நாய் என்று தெரிந்தே அதன் மேல் பிரியம் வைத்தவர்கள் என் தலைமுறையில் எத்தனையோ பேர். நானும் ஒருவன்.

என் வாதத்துக்கு இடைஞ்சலான நாவலையும் சொல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. கசுவோ இஷிகுரோவின் 'நெவர் லெட் மீ கோ', 2005இல் வந்தது. உறுப்புகளை எடுப்பதற்காகவே வளர்க்கப்படும் நகல் மனிதர்கள். அவர்களிடம் பாசம், பொறாமை, காதல், ஏக்கம் எதற்கும் பஞ்சமில்லை. யாரும் அவர்களுக்கு ஊசி போடவில்லை, சுவர் எழுப்பவில்லை. காரோட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். அப்படியும் யாரும் தப்பி ஓடவில்லை. உண்மையாகக் காதலிக்கிறோம் என்று நிரூபித்தால் உறுப்பெடுப்பதை மூன்று நான்கு வருடம் தள்ளிப்போடுவார்கள் என்ற வதந்தியை நம்பி, அவர்களில் கேத்தியும் டாமியும் மனு கொடுக்கப் போகிறார்கள். அப்படி ஒரு சலுகை இருந்ததே இல்லை. ஆழமான உணர்ச்சி இருந்துவிட்டால் சுதந்திர வேட்கை தானாக வந்துவிடும் என்று நம்பியிருந்த எனக்கு இந்த நாவல் பெரிய அடி. உணர்ச்சியும் சுதந்திரமும் இரட்டைப் பிள்ளைகள் இல்லை. ஒன்று இருந்து மற்றது இல்லாமல் போகலாம், அப்படிப்பட்ட உலகம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

எனவே உங்கள் நண்பர் சொன்னதற்காக ஒரு காதல் ஜோடியை ஒட்டவைக்க வேண்டாம். அது மசாலாவாகத்தான் போகும், அந்த அளவில் உங்கள் சந்தேகம் நியாயமானது. அட்வுட்டின் நாயகி ஆஃப்ரெட், பிள்ளை பெற்றுத் தருவதற்காகவே அரசு அடைத்து வைத்திருக்கும் பெண், இரவுச் சாப்பாட்டில் கிடைக்கும் வெண்ணெயில் கொஞ்சத்தைக் காலணிக்குள் ஒளித்து எடுத்துப்போய், அறையில் தனியாக முகத்திலும் கையிலும் தடவிக்கொள்கிறாள். அவளுக்குக் களிம்பு தடைசெய்யப்பட்டிருக்கிறது. யாரோ ஒருநாள் தன்னை மறுபடி அன்போடு தொடுவார்கள் என்று அவள் இன்னும் நம்புகிறாள், அதற்காகத் தோலைப் பார்த்துக்கொள்கிறாள். அந்தக் காட்சியில் காதலன் யாரும் இல்லை.

இன்னும் எதையும் திருத்தாமல், தனியாக ஒரு பக்கம் மட்டும் எழுதிப் பாருங்கள். முதல் ஊசிக்கு முந்தின நாள் உங்கள் நாயகன் யாருக்காக என்ன செய்துகொண்டிருந்தான்? படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டிருக்கலாம், தங்கைக்குச் சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். அப்புறம் ஊசிக்கு மறுநாளும் அவன் அதே நகத்தை வெட்டட்டும். இரண்டாம் நாள் என்ன மாறுகிறது என்பது உங்களுக்கே எழுதும்போது தெரியும். எழுதியதை இங்கே போட்டால் கட்டாயம் படிக்கிறேன்.